வீட்டுக்கு விலை சொல்பவர் யாருடைய ஆள்?

சென்ற மாதம் ஒருநாள் மாலை, சிங்காநல்லூர்ப் பக்கத்து மில் தொழிலாளி ஒருவர் சங்க ஆபீசுக்கு வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். முப்பத்திரண்டு வருஷம் ஸ்பின்னிங்கில் நின்று வேலை செய்தவர். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் கிரயப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, பாங்கு பாஸ் புத்தகம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நோட்டீஸ்.

“படிச்சுச் சொல்லுங்க தோழர். வீட்டை ஏலம் போடறாங்களாமுங்க” என்றார்.

படித்தோம். பாங்கு அவருடைய வீட்டை ஏலம் விடப்போகிறது. ஏலத்தின் ஆரம்ப விலை 17 லட்சம் ரூபாய். அந்த வீட்டை அவர் வாங்கிய விலை 24 லட்சம் ரூபாய். வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

கிராஜுவிட்டி, பிராவிடண்ட் பண்டு என்று வந்ததில் 4 லட்சத்தை அவர் போட்டார். மீதி 20 லட்சத்துக்கு மகன் பேரில் கடன். வட்டி நூற்றுக்கு 9. தவணை 20 வருஷம். மாதம் சுமார் 18,000 ரூபாய் கட்ட வேண்டும். மகன் லேத் பட்டறையில் வேலை. மருமகள் பனியன் கம்பெனியில் வேலை. இரண்டு சம்பளத்தையும் சேர்த்து இரண்டு வருஷம் ஒரு தவணை தவறாமல் கட்டினார்கள். பிறகு பட்டறையில் ஆர்டர் குறைந்தது. தவணை நின்றது. நோட்டீஸ் வந்தது.

கட்டிய பணம் எவ்வளவு? 24 மாதத்தில் 4 லட்சத்து 32 ஆயிரம் ரூபாய். அசலில் கழிந்தது எவ்வளவு? சுமார் 78 ஆயிரம் மட்டும்தான்! மீதியெல்லாம் வட்டி. இன்னும் 19 லட்சத்து 20 ஆயிரத்துக்குக் குறையாமல் பாக்கி நிற்கிறது. வீடு 17 லட்சத்துக்குப் போனால், கிராஜுவிட்டி போய், தவணை போய், வீடும் போய், அதற்கு மேல் 2 லட்சத்துக்கு அதிகமான கடனும் தலையில் நிற்கும்.

அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “24 லட்சம் பெறும்னு பாங்கே ஆள் விட்டுப் பார்த்துத்தானுங்களே கடன் குடுத்தாங்க? வேல்யூவேஷனுக்குன்னு என்கிட்டத்தான் 3,500 ரூபா வாங்கினாங்க. அப்ப 24 பெறும்னு சொன்னவங்களே இப்ப 17ன்னா, எது நெசம்?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. மில்லிலும் பட்டறையிலும் வேலை செய்து, ஆயுளில் ஒரே ஒரு தடவை ஒரு கூரையைச் சொந்தமாக்க நினைக்கும் ஒவ்வொருவருடைய கேள்வியும் இதுதான்.

ஒரு வீடு, நான்கு விலை

நம் நாட்டில் ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் நான்கு விலை உண்டு.

முதலாவது, சர்க்கார் வைக்கும் வழிகாட்டி மதிப்பு. இது முத்திரைத் தீர்வை வசூலிப்பதற்காக வைத்த கணக்கு. 2017 ஜூன் மாதம் தமிழக சர்க்கார் இந்த மதிப்பை நூற்றுக்கு 33 வீதம் குறைத்தது. அதே கையோடு பதிவுக் கட்டணத்தை நூற்றுக்கு 1 என்பதிலிருந்து 4 ஆக உயர்த்தியது. ஒரே நாளில் தமிழ்நாட்டு நிலமெல்லாம் மூன்றில் ஒரு பங்கு மலிந்துவிட்டதா? இல்லை. கணக்குப் புத்தகத்தில் எழுத்து மாறியது. அவ்வளவுதான்.

இரண்டாவது, பத்திரத்தில் எழுதும் விலை. பல இடங்களில் இது வழிகாட்டி மதிப்பை ஒட்டியே எழுதப்படுகிறது. மூன்றாவது, கையில் கொடுக்கும் விலை. பத்திரத்துக்கும் கைக்கும் நடுவே உள்ள தொகை கறுப்புப் பணமாக நடமாடுகிறது.

நான்காவது, பாங்கு நியமிக்கும் மதிப்பீட்டாளர் எழுதும் விலை. இதை வைத்துத்தான் கடன் எவ்வளவு என்று தீர்மானமாகிறது. 30 லட்சம் ரூபாய் வரை உள்ள வீட்டுக் கடன்களில், சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு 90க்கு மேல் கடன் தரக்கூடாது என்பது ரிசர்வ் பாங்கின் விதி. ஆகவே, மதிப்பீட்டாளரின் பேனா சற்று மேலே போனால் கடன் மேலே போகும்; கடன் மேலே போனால் விற்பவரின் விலை நிற்கும்; தரகரின் கமிஷன் நிற்கும்; கிளையின் கடன் இலக்கு நிறைவேறும். கீழே அழுந்துவது தவணை கட்டுகிறவரின் முதுகு ஒன்றுதான்.

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

மதிப்பீடு என்பது மந்திரம் அல்ல. நமக்குத் தெரிந்த ஓர் எஞ்சினியரை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். நிலம் 2 சென்ட். அக்கம்பக்கத்தில் சமீபத்தில் கைமாறிய இடங்களை விசாரித்ததில், சென்ட் 6 லட்சத்துக்கு மேல் போகவில்லை. நிலத்தின் மதிப்பு 12 லட்சம்.

கட்டடம் 600 சதுர அடி. இன்று புதிதாக அதே தரத்தில் கட்டினால் சதுர அடிக்கு 1,500 ரூபாய் என்று வைத்தாலும் 9 லட்சம். ஆனால் வீடு புதியது அல்ல. கட்டி 20 வருஷம் ஆகிறது. மில்லில் ஒரு மிஷினுக்குத் தேய்மானம் போடுவதுபோல வீட்டுக்கும் போட வேண்டும். வீட்டின் ஆயுள் 60 வருஷம், கடைசியில் மிஞ்சும் கல், மரம், இரும்பு நூற்றுக்கு 10 என்று வைத்தால், வருஷத்துக்கு ஒன்றரை வீதம் தேய்மானம். 20 வருஷத்துக்கு நூற்றுக்கு 30. அதாவது 2 லட்சத்து 70 ஆயிரம் கழியும். மிஞ்சுவது 6 லட்சத்து 30 ஆயிரம். நிலமும் கட்டடமும் சேர்ந்து 18 லட்சத்து 30 ஆயிரம்.

இந்த வீடு எப்படி 24 லட்சம் ஆயிற்று? வக்கீல் மூலம் எழுதிக் கேட்ட பிறகு அந்த மதிப்பீட்டு அறிக்கையின் நகல் கிடைத்தது. சென்ட் 8 லட்சம் என்று போட்டிருக்கிறது. கட்டடத்தின் வயது 8 வருஷம் என்று எழுதியிருக்கிறது. இரண்டே இரண்டு திருகல்! நிலம் 16 லட்சம், தேய்மானம் போகக் கட்டடம் 7 லட்சத்து 92 ஆயிரம். கூட்டினால் 23 லட்சத்து 92 ஆயிரம். அதை 24 ஆக்கிவிட்டார்கள். விற்பவர் கேட்ட விலையும் 24தான். கேட்ட விலைக்கு ஏற்றபடி கணக்குப் போட்டார்களே தவிர, கணக்குப் போட்டு விலை காணவில்லை.

அறிக்கையில் வீட்டின் போட்டோ ஒன்று இருக்கிறது. தெருவில் நின்று எடுத்த படம். பின்பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் வெடிப்பு அதில் இல்லை. ‘கட்டடத்தின் நிலை: நன்று’ என்று ஒரு வரி. அதே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், நெருக்கடியில் விற்றால் கிடைக்கக்கூடிய மதிப்பு 18 லட்சம் என்றும் ஒரு வரி. அதாவது, கடன் கொடுக்கும் அன்றே, ஏலத்துக்கு வந்தால் இந்த வீடு எவ்வளவுக்குப் போகும் என்று பாங்கு கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொண்டது. அந்தக் காகிதத்துக்குக் காசு கொடுத்தவருக்கு மட்டும் அது தெரியாது!

18 லட்சத்து 30 ஆயிரம் என்று நாணயமாக எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பாங்கு அதிகபட்சம் 16 லட்சத்து 47 ஆயிரம்தான் கொடுத்திருக்கும். கையில் இருந்த 4 லட்சத்தைச் சேர்த்தாலும் 24 எட்டாது. பேரம் முறிந்திருக்கும், அல்லது விற்பவர் இறங்கி வந்திருப்பார். அன்று நம் தொழிலாளிக்கு மதிப்பீட்டாளர் மேல் கோபம் வந்திருக்கும், ஆனால் பிழைத்திருப்பார். கூடுதலாகக் கொடுத்த 5 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மட்டும் மாதம் 5,100 ரூபாய் தவணை. 20 வருஷத்தில் 12 லட்சத்துக்கு மேல். ஒரு பேனா வீச்சின் விலை இது.

மரக்கால் யார் கையில்?

நம் விவசாயத் தொழிலாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெல்லை அளந்து வாங்கும்போது ஒரு மரக்கால், அளந்து கொடுக்கும்போது வேறொரு மரக்கால் என்று பண்ணைகளில் நடந்த பித்தலாட்டத்தை அவர்களுடைய பாட்டனார்கள் கண்டவர்கள். அளப்பவர் நல்லவரா கெட்டவரா என்பதற்கு முன்னால், மரக்கால் யாருடையது, களத்தில் அவரை நிறுத்தியவர் யார் என்றுதான் அவர்கள் கேட்டார்கள். மில் தொழிலாளி ஹேங்க் மீட்டரைத் தானே ஒரு கண் பார்த்துக்கொள்வதும் இதனால்தான்.

வீட்டு மதிப்பீட்டிலும் கேள்வி அதுவே. கூலி கொடுப்பவர் வீடு வாங்குபவர். ஆளை நியமிப்பது பாங்கு. பல இடங்களில் ஆளைக் கூட்டிவருவதும் வண்டி ஏற்றிக் காட்டுவதும் விற்பவரின் தரகர். அறிக்கை போவது பாங்குக்கு. காசு கொடுத்தவருக்கு அதைக் கண்ணில் காட்டுவது கிளைக்குக் கிளை வேறுபடுகிறது. சிலர் கேட்டால் தருகிறார்கள். பலர் “இது எங்கள் உள் விஷயம்” என்கிறார்கள்.

மதிப்பீட்டாளர் எல்லோரும் அயோக்கியர்கள் என்று நாம் சொல்லவில்லை. அது தவறான அபிப்பிராயம். மழையிலும் வெயிலிலும் அலைந்து, சர்வே எண்ணைச் சரிபார்த்து, டேப் பிடித்து அளந்து, ‘இந்த விலை பெறாது’ என்று எழுதும் நாணயஸ்தர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேர்வது என்ன? அடுத்த மாதம் அவர்களுக்கு வேலை வராது. பட்டியலில் பேர் இருக்கும், போன் வராது. ‘அவர் ரொம்பக் கெடுபிடி’ என்ற ஒரு வார்த்தை போதும். வயிற்றில் அடித்து நாணயத்தைக் கொல்லும் முறை இது. மதிப்பீட்டாளரும் வேலைக்குக் கூலி வாங்குகிறவர்தான். அவருடைய அடுத்த வேளைச் சோற்றை, விலை உயர்ந்தால் லாபம் அடைகிறவர்கள் கையில் வைத்துவிட்டு, அவரிடம் ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

விதிகள் இல்லாமல் இல்லை. மதிப்பீட்டாளர் சொத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லாதவராக இருக்க வேண்டும் என்று 2007லேயே ரிசர்வ் பாங்கு பாங்குகளுக்குச் சொல்லியிருக்கிறது. 2017ல் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வந்த பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் விதிகளில் ஒரு நடத்தை நெறி சேர்க்கப்பட்டது. வாடிக்கையாளரின் தேவைக்கு ஏற்றபடி வசதியான மதிப்பீடு தரக்கூடாது, காரியம் முடிந்தால் இவ்வளவு என்று கூலி பேசக்கூடாது என்று அதில் ஷரத்து இருக்கிறது. நல்ல ஷரத்துக்கள்தான். ஆனால் அந்த விதிகள் பிறந்தது கம்பெனிகளின் சொத்துக்கும் திவால் வழக்குகளுக்கும். சிங்காநல்லூர் இரண்டு சென்ட் வீட்டுக்குக் காவலாக யாரும் அதை எழுதவில்லை.

நார்விச் நகரத்து வீடு

“மதிப்பீடு பாங்குக்காகச் செய்வது. வீடு வாங்குபவர் அதை நம்பியது அவர் பிழை” என்று ஒரு வாதம் சொல்லப்படுகிறது. இந்த வாதத்துக்கு முதலாளித்துவ நாடான பிரிட்டனிலேயே, அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக அன்று இருந்த பிரபுக்கள் சபையே பதில் சொல்லிவிட்டது. அந்த வழக்கைத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

1980ல் நார்விச் நகரத்தில் ஒரு பெண்மணி ஒரு சிறிய வரிசை வீட்டை வாங்க முற்பட்டார். கடன் கொடுக்கும் ஸ்தாபனம் மதிப்பீட்டாளரை அனுப்பியது. சுமார் 37 பவுண்டு கட்டணத்தை அந்தப் பெண்மணியே கட்டினார். ‘முக்கியமான பழுது எதுவும் இல்லை’ என்று அறிக்கை வந்தது. அதை நம்பி 18,000 பவுண்டுக்கு வீட்டை வாங்கினார். தனியாக வேறு எஞ்சினியரை வைத்துப் பார்க்கவில்லை. சுமார் ஒன்றரை வருஷம் கழித்து, கூரைக்கு மேலிருந்த புகைபோக்கி இடிந்து, கூரையைப் பிளந்துகொண்டு படுக்கையறையில் விழுந்தது. முன்பு யாரோ அறையை அகலமாக்குவதற்காக, புகைபோக்கியைத் தாங்கி நின்ற அடிச்சுவரை எடுத்துவிட்டிருந்தார்கள். மேலே பாரம் அந்தரத்தில் நின்றது. சுவர் எடுக்கப்பட்டதைக் கண்ட மதிப்பீட்டாளர், மேலே தாங்கல் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

அறிக்கையின் அடியில், ‘இதில் உள்ளதற்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருந்தது. அதைக் காட்டி மதிப்பீட்டாளர் தப்பப் பார்த்தார். 1989 ஏப்ரலில் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. கட்டணம் கொடுப்பவர் வாங்குபவர்; சாதாரண வீடு வாங்குபவர் இந்த அறிக்கையை நம்பித்தான் வாங்குவார் என்பது மதிப்பீட்டாளருக்கு நன்றாகத் தெரியும்; ஆகவே அவர் வாங்குபவருக்கும் பொறுப்பாளி; பொறுப்பல்ல என்று அச்சடித்த வாசகம் செல்லாது. நஷ்டஈடு சுமார் 4,380 பவுண்டு.

அதே தீர்ப்பில் இன்னொரு வழக்கும் சேர்ந்தே முடிந்தது. ஓர் இளம் தம்பதி நகரசபையிடம் கடன் பெற்று வீடு வாங்கினார்கள். மதிப்பீட்டு அறிக்கையை அவர்களுக்குக் காட்டவே இல்லை. கடன் கிடைத்துவிட்டது, ஆகவே வீடு நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள். மூன்று வருஷம் கழித்து, அஸ்திவாரம் இறங்கிய வீடு, விற்கவே முடியாது என்று தெரிந்தது. அவர்களுக்கும் நியாயம் கிடைத்தது. கண்ணில் காட்டாத அறிக்கைக்கும் பொறுப்பு உண்டு என்பதே இதன் பொருள்.

தீர்ப்பில் சொன்ன இன்னொரு காரணமும் கவனிக்கத்தக்கது. தொழில் செய்கிறவர் இன்ஷ்யூரன்ஸ் எடுத்துக்கொள்ளலாம். நஷ்டம் பலர் தலையில் சிறிது சிறிதாகப் பரவும். சிறு வீடு வாங்கியவர் தலையில் அது முழுதாக விழுந்தால் அவர் வாழ்க்கையே நாசமாகும். பெரிய மாளிகைக்கும் தொழிற்சாலைக்கும் வேறு நியாயம் இருக்கலாம். சாதாரண வீட்டுக்கு இதுதான் நியாயம் என்றார்கள்.

அமெரிக்கா கற்றுக்கொடுத்த பாடம்

அமெரிக்காவில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. 2000 முதல் 2007 வரை சுமார் 11,000 மதிப்பீட்டாளர்கள் கையெழுத்திட்டு வாஷிங்டனுக்கு ஒரு மனு அனுப்பினார்கள். கடன் கொடுக்கும் கம்பெனிகள் கேட்ட விலையை எழுதும்படி நிர்ப்பந்திக்கின்றன, எழுத மறுக்கும் நாணயஸ்தர்களைக் கறுப்புப் பட்டியலில் வைக்கின்றன என்பதே மனுவின் சாரம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2007 நவம்பரில் நியூயார்க் மாகாணத்தின் அட்டர்னி ஜெனரல், வாஷிங்டன் மியூச்சுவல் என்ற பாங்கின் நிர்ப்பந்தத்துக்குப் பணிந்து மதிப்பீடுகளை உயர்த்தியதாக ஒரு மதிப்பீட்டுக் கம்பெனியின் மேல் வழக்குப் போட்டார். 2008 செப்டம்பரில் அந்தப் பாங்கே விழுந்தது. 30,000 கோடி டாலருக்கு மேல் சொத்து வைத்திருந்த பாங்கு! அந்நாட்டுச் சரித்திரத்தில் அவ்வளவு பெரிய பாங்கு அதற்கு முன் விழுந்ததில்லை. லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. ஊதிய விலைக்கு வாங்கிய வீடு, விலை இறங்கியபின் கடனுக்கே போதவில்லை. சிங்காநல்லூர் மஞ்சள் பைக்குள் இருக்கும் அதே கணக்கு!

அடிபட்ட பிறகுதான் புத்தி வந்தது. 2010ல் சட்டம் திருத்தப்பட்டது: மதிப்பீட்டாளரை நிர்ப்பந்திப்பது குற்றமாயிற்று. 2014 ஜனவரி முதல் இன்னொரு விதியும் அமலுக்கு வந்தது. வீட்டுக் கடன் பெறுபவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கடன் முடிவாவதற்குக் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

சங்கிலிக்கு உள்ள உரிமை வீட்டுக்கு இல்லையா?

இங்கே நடக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். நகைக் கடன் வாங்காத தொழிலாளி வீடு உண்டா? விதைப்புக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் வைத்தியத்துக்கும் இரண்டு பவுன் சங்கிலியைக் கொண்டுபோகிறோம். அப்ரைசர் நம் கண்ணெதிரே உரைகல்லில் உரைக்கிறார், தராசில் வைக்கிறார், எடை இவ்வளவு, மாற்று இவ்வளவு என்று எழுதுகிறார். அதில் சந்தேகம் வந்தால் அங்கேயே கேட்கிறோம். நகையைக் கடன் வாங்குபவர் முன்னிலையில்தான் சோதிக்க வேண்டும், அதன் விவரத்தைச் சான்றிதழாக அவருக்குத் தர வேண்டும் என்று 2025ல் ரிசர்வ் பாங்கு பிறப்பித்த உத்தரவும் சொல்கிறது.

இரண்டு பவுன் சங்கிலிக்கு இருக்கும் உரிமை, ஆயுள் சம்பாத்தியத்தை விழுங்கும் வீட்டுக்கு ஏன் இல்லை? நகையைக் கொடுக்கும்போது அது நம் கையில் ஏற்கெனவே இருக்கும் பொருள். வீடோ, இனிமேல் இருபது வருஷம் உழைத்துக் கட்டப்போகும் பொருள். எதை அதிகம் உரைத்துப் பார்க்க வேண்டும்?

தவணை தவறினால் பாங்குக்கு உள்ள அதிகாரத்தைப் பாருங்கள். 90 நாள் பாக்கி நின்றால் வாராக் கடன். 2002ஆம் ஆண்டுச் சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதன்பின் வீட்டைக் கைப்பற்றக் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டியதே இல்லை. ஏலத்தின் ஆரம்ப விலையை வைக்க மறுபடியும் ஒரு மதிப்பீட்டாளரைத்தான் கேட்கிறார்கள். ஏறும்போது ஒரு மதிப்பீடு, இறங்கும்போது ஒரு மதிப்பீடு. இரண்டிலும் நஷ்டம் நமக்கு என்றால், அது என்ன தராசு?

மனை வாங்கும் தோழர்களுக்கு

கிராமத்துத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. வயலை மேடாக்கி, கல் நட்டு, கொடி கட்டி, மாதத் தவணையில் மூன்று சென்ட் என்று விற்ற மனைகளில் சிக்கியவர்கள் அநேகர். 2016 செப்டம்பரில் அனுமதியில்லாத மனைகளின் பத்திரப் பதிவைச் சென்னை ஹைகோர்ட் தடுத்தபோது, சீட்டுப் போட்டு வாங்கிய மனையை விற்கவும் முடியாமல், அடமானம் வைக்கவும் முடியாமல் ஜனங்கள் தவித்தார்கள். 2017ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அதற்கும் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. வாங்கும் முன்பே விவரம் தெரிந்த ஒருவர் வந்து, அனுமதி உண்டா, வாய்க்கால் புறம்போக்கா, மழையில் நீர் எங்கே நிற்கும் என்று பார்த்திருந்தால் இவ்வளவு பேர் ஏமாந்திருக்க மாட்டார்கள்.

அனுமதி இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2014 ஜூன் 28ல் சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கே வேலை செய்த கட்டடத் தொழிலாளர்கள். அது அனுமதி பெற்ற கட்டடம்தான். காகிதம் பார்ப்பது ஒரு வேலை. கல்லையும் மண்ணையும் பார்ப்பது வேறு வேலை. பத்திரத்தைப் பார்ப்பவர் வக்கீல். விலையைப் பார்ப்பவர் மதிப்பீட்டாளர். சுவரையும் அஸ்திவாரத்தையும் பார்க்க வேண்டியவர் எஞ்சினியர். ஒருவர் பார்த்ததை மூவரும் பார்த்ததாக எண்ணி ஏமாறக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

நாம் கேட்க வேண்டியவை இவை:

1. கட்டணம் கொடுப்பவர் வாங்குபவர். ஆகவே மதிப்பீட்டு அறிக்கையின் நகலைத் தமிழில், கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன் அவர் கையில் கொடுக்க வேண்டும். நெருக்கடி விற்பனை மதிப்பு உள்பட எதையும் மறைக்கக் கூடாது.

2. எந்த மதிப்பீட்டாளர் போவது என்பதைக் கிளை மானேஜரோ, கடன் பிடிக்கும் ஏஜெண்டோ, தரகரோ தீர்மானிக்கக் கூடாது. முறை வைத்து அனுப்ப வேண்டும். குறைத்து மதிப்பிட்டார் என்பதற்காக ஒருவரை ஒதுக்கினால், ஒதுக்கியவர் பதில் சொல்ல வேண்டும்.

3. கவனமில்லாமல் அல்லது வேண்டுமென்றே தவறான மதிப்பீடு கொடுத்தவர், வாங்குபவருக்கு நஷ்டஈடு தரவேண்டும். ‘பொறுப்பல்ல’ என்ற அச்சு வாசகம் சிறு வீடு வாங்குபவர் விஷயத்தில் செல்லக் கூடாது.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் சங்க ஆபீசுக்கு வாருங்கள். ஒருவருக்கு எஞ்சினியர் கூலி பாரமாகத் தோன்றலாம். ஒரே வட்டாரத்தில் வாங்கும் பத்துப் பேர் சேர்ந்தால் அது பாரமல்ல. நாம் கூலி கொடுத்து, நாம் தேர்ந்து, நமக்கே அறிக்கை கொடுக்கும் ஆளை அனுப்புவோம். அட்வான்ஸ் ஒப்பந்தத்தில், ‘பாங்கு மதிப்பீடு பேசிய விலைக்குக் குறைந்தால் அட்வான்சைத் திருப்பித் தரவேண்டும்’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்கிற விற்பனைக்காரருக்கு விஷயம் தெரியும் என்று பொருள்.

மதிப்பீட்டாளர்களுக்கும் ஒன்று சொல்கிறோம். நீங்கள் எழுதும் எண் ஒரு குடும்பத்தின் இருபது வருஷ உழைப்பு. நாணயமாக எழுதி வேலை இழப்பவர்கள் தனித்தனியாக இழந்துகொண்டிருக்க வேண்டாம். உங்கள் சங்கங்கள் மூலம் பகிரங்கமாகப் பேசுங்கள். அறிக்கை வாங்குபவர் கைக்கு வர வேண்டும் என்ற கோரிக்கை உங்களுக்கும் பாதுகாப்புதான். வெளிச்சத்தில் எழுதும் கணக்கைத் திருகச் சொல்லும் தைரியம் எந்த மானேஜருக்கும் எளிதில் வராது.

மஞ்சள் பையோடு வந்த தொழிலாளியின் சார்பில் ஏலத்துக்கு ஆட்சேபம் கொடுத்திருக்கிறோம். கட்டடத்தின் வயதை 8 என்று எழுதிய அறிக்கையை அதோடு இணைத்திருக்கிறோம். என்ன முடிவு வரும் என்று இன்று சொல்ல முடியாது. ஆபீசை விட்டுப் போகும்போது அவர் சொன்னார்:

“அந்தக் காகிதத்தை அன்னைக்கே கையில குடுத்திருந்தா, வயசு எட்டுங்கிறதை நானே பார்த்திருப்பனுங்க தோழர். அந்த வீடு கட்டின வருஷம் எனக்குத் தெரியும். அங்க சித்தாள் வேலைக்குப் போனதே எஞ்சம்சாரம்தானுங்க.”

வீட்டின் வயது அதைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு யாரும் காட்டவும் இல்லை. இனிமேல் காட்ட வேண்டும். கேட்டு வாங்குவோம்.